ஓட்டைக் கரண்டி

சாவிக்காரன் வீட்டில் சர்க்கரை டப்பாவுக்கும் பூட்டு உண்டு என்று அவன் மச்சினன் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அது கொஞ்சம் மிகை. டப்பாவுக்குப் பூட்டு இல்லை, டப்பா இருந்த அலமாரிக்குத்தான் இருந்தது. ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், ஓர் ஆள் முதுகை வளைத்து உட்காரும் அளவே உள்ள கடையில், காலை முதல் மாலை வரை அடுத்தவர் வீட்டுச் சாவிக்கு நகல் அறுத்துக் கொடுப்பது அவன் தொழில். தொலைத்துவிட்டு வருகிறவர்களின் முகங்களையே பார்த்துப் பார்த்து, மனிதர்களின் ஞாபகசக்தி மேல் அவனுக்கு இருந்த மரியாதை அடியோடு போய்விட்டது. அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தான். எதைத் திறந்தாலும் திறந்த கையோடு பூட்டிவிட வேண்டும். பூட்டியிருந்தால் பொருள் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அப்படிப்பட்டவன் ஏரிக்கரையில், புதிதாக அடித்த கூடாரத்தின் முன்னால், கையளவுத் தகரப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு முகத்தில் ஈயாடாமல் உட்கார்ந்திருந்தான். பெட்டி பூட்டித்தான் இருந்தது. உள்ளே மெத்தென்ற துணியும் விரித்திருந்தது. துணியின் மேல் இருக்க வேண்டிய பச்சை ஸ்பூனைத்தான் காணவில்லை.

"என்னங்க, எடுத்தாச்சா? சூப்பு ஆயிடுச்சு" என்றாள் அவன் மனைவி. மூன்று கல் வைத்த அடுப்பில் பருப்பும் காய்கறியும் போட்ட சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

அவன் பெட்டியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். அவள் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"கெளம்பறதுக்கு முன்னாடி ஊட்டினேன்ல... வெளியூர் போறோமே, சுத்தமா இருக்கட்டும்னு இன்னொரு தடவை கொதிக்க வெச்சேன். நம்ம ஸ்பூன், கரண்டி எல்லாத்தையும் சேத்துத்தான் போட்டேன். காயட்டும்னு தொட்டிப் பக்கத்துல துணி மேல கவுத்து வெச்சு..." அவள் பெட்டியின் மூடியைத் தொட்டாள். "பெட்டிய மட்டும் பூட்டிட்டேன்."

"காலிப் பெட்டிய எதுக்குடி பூட்டுன?"

"நீங்கதானே தெறந்தா பூட்டணும்னு உயிர எடுப்பீங்க! அவ்ளோ தூரம் மடியிலேயே வெச்சுட்டு வந்தீங்களே, ஒரு தடவை தெறந்து பாத்தா என்னவாம்?"

பூட்டியிருந்த பெட்டியை எதற்குத் திறந்து பார்க்க வேண்டும்?  ஒன்றுமில்லாத பெட்டியைப் பூட்டி, பூட்டியிருக்கிறதே என்று நிம்மதியாக, அதைக் கண்ணும் கருத்துமாகக் காட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதென்றால் அந்த ஒரு குடும்பத்தால்தான் முடியும்.

ஒரு ஸ்பூனுக்கா இந்தப் பாடு என்று தோன்றும். அவர்களுடைய ஒரே மகள், ஐந்து வயது, வீட்டில் எல்லாரும் பொடிசு என்று கூப்பிடுவார்கள். போன வருடம் அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போய், ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தார்கள். அப்போது மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஆகாரம். நோய் போய்விட்டது, குழாயையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு பொடிசு வாயைத் திறக்க மறுத்துவிட்டாள். டம்ளரில் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. வார்டில் ஒரு நர்ஸ்தான், மருந்து பாட்டிலோடு வந்த பச்சை பிளாஸ்டிக் ஸ்பூனால் ஏதோ விளையாட்டுக் காட்டிக் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். அன்று முதல் அந்த ஸ்பூன் ஒன்றுக்குத்தான் அந்த வாய் திறந்தது.

கையால் ஊட்டுங்களேன் என்று சொல்லாத ஆள் கிடையாது. அந்தக் குழாயை வைத்ததும், ஒட்டியதும், நகர்ந்துபோனால் திரும்ப வைத்ததும் எல்லாம் கைகள்தான். யாருடைய கையாவது முகத்தை நோக்கி வந்தால் போதும், அவள் கழுத்தை வெட்டித் திருப்பி, உதட்டை இறுக்கிக்கொள்வாள். மருந்துக் கடைகளில் அதே மாதிரிப் பச்சை ஸ்பூனாகத் தேடி வாங்கியும் பார்த்தார்கள். தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டாள். ஒருமுறை அந்த ஸ்பூன் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது தெரியாமல் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். அது கிடைப்பதற்குள் பொடிசு துவண்டுபோய், மறுபடி ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகத் திரவம் ஏற்ற வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் தகரப் பெட்டியும் பூட்டும் வந்தன.

வரும் வாரம் எடை பார்க்கக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எடை குறைந்திருந்தால் திரும்பக் குழாய்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு வேளையைக்கூடத் தவறவிடாதீர்கள் என்றும் சொல்லியிருந்தார். 

"நல்ல வேளை" என்று ஒரு குரல் கேட்டது. காரிலிருந்து விறகுக் கட்டை இறக்கிக்கொண்டு வந்த மச்சினன்தான். "நல்ல வேளை, பானையாவது வந்துதே."

அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் வேலை பார்த்தான். முன்பின் வண்டியைத் தொட்டிராத ஆட்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தெருவில் போய் முழுசாகத் திரும்பி வருவதுதான் பிழைப்பு. கம்பத்தில் இடித்தால் நல்ல வேளை கம்பம், ஆள் இல்லை. கதவு நசுங்கினால் நல்ல வேளை இந்தப் பக்கக் கதவு. வாய்க்கு வாய் இதையே சொல்லி, நாளடைவில் நல்லவேளை என்பதே அவன் பெயராகிவிட்டது. காட்டுக்குப் போகலாம் என்ற யோசனையும் அவனுடையதுதான். "நாலு செவுத்துக்குள்ள உக்கார வெச்சு, ஆளாளுக்கு அவ வாயையே பாத்துக்கிட்டிருந்தா எவளுக்குத்தான்க்கா எறங்கும்?" என்று அக்காவை அரித்தெடுத்து, பள்ளிக்கூடத்து ரெட்டை பிரேக் காரிலேயே எல்லாரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"வண்டிய எடு" என்றான் சாவிக்காரன். "வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்துடலாம்."

"கேட்டைப் பூட்டிட்டாங்க அத்தான். பொழுது சாஞ்சா காட்டு ரோட்டுல வண்டி விடமாட்டாங்களாம். காலையிலதான் தெறப்பாங்க."

சாவிக்காரன் எழுந்து முகாம் வாசல் வரைக்கும் போனான். இரும்பு கேட்டில் தொங்கிய பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். பெரிய பூட்டுதான், ஆனால் அவனுக்கு அது சுண்டைக்காய். ஒரு கம்பித் துண்டு போதும். மச்சினனும் கூடவே வந்து நின்று, "அத்தான், ஒரு வார்த்தை சொல்லுங்க, வண்டிய எடுத்துடறேன்" என்று கண்ணைக் காட்டினான். அப்போது கேட் ஓரத்துக் குடிசையிலிருந்து காவலாளி எட்டிப் பார்த்தார். "சார், நான் பூட்டுறது உங்களை அடைச்சு வைக்க இல்ல. ராத்திரி அந்த ரோட்டுல மிருகம் நடமாடும். புள்ளகுட்டி உள்ளவங்க, சொன்னா கேளுங்க" என்றார். சாவிக்காரன் பூட்டைக் கீழே விட்டான். வாழ்க்கையில் முதல்முறையாகத் திறக்கத் தெரிந்த ஒரு பூட்டைத் திறக்காமல் திரும்பி வந்தான்.

வந்தவன் அடுப்பருகே உட்கார்ந்தான். விறகுக் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு துண்டாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். முடிச்சில்லாமல், இழை நேராக ஓடிய ஒன்றை எடுத்தான். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் மடக்குக் கத்தியை விரித்தான்.

"என்ன செய்யப் போறீங்க?" என்றாள் மனைவி.

"அதே ஸ்பூனச் செய்யப் போறேன்."

மருந்துக் கடை ஸ்பூன்களை மகள் ஏன் தள்ளினாள் என்று அவன் மனசுக்குள் எப்போதோ ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். அவற்றின் காம்பு ஒரு நூல் நீளம் கூடுதல். குழி ஒரு நூல் ஆழம் குறைவு. ஒரு மயிரிழை பிசகினால்கூடச் சாவி திரும்பாது என்பது அவன் தினமும் கண்ட உண்மை. சரியான நகலாக இருந்தால் எதுவும் திறக்கும், திறக்கவில்லை என்றால் நகல் சரியில்லை. அந்தப் பச்சை ஸ்பூன் அவனுக்கு மனப்பாடம். எத்தனை முறை கழுவித் துடைத்துத் தூக்கிப் பார்த்திருப்பான்.

கத்தியை விறகின் தலையில் வைத்துக் கல்லால் தட்டிப் பிளந்தான். கரித்துண்டால் உருவம் வரைந்தான். வெளிப்பக்கத்தைச் செதுக்கும் முன் குழியைத் தோண்டிக்கொண்டான், இல்லாவிட்டால் தோண்டும்போது மெல்லிய மரம் பிளந்துகொள்ளும். கத்தி முனையால் கிள்ளிக் கிள்ளி எடுத்து, கத்தியோடு பையில் வைத்திருக்கும் பென்சில் கன உருண்டை அரத்தால் இழைத்து, ஏரி மணலைத் துணியில் வைத்துத் தேய்த்தான். காம்பின் அடியில் சின்னதாக ஒரு துளைகூட உண்டு என்று ஞாபகம் வந்து அதையும் போட்டான். மருந்தின் அளவைக் காட்டும் கோட்டைக் கத்தியால் கீறினான். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. கடைசியில் சூப்புக்கு என்று கொண்டுவந்த கீரையில் மிச்சமிருந்ததைக் கசக்கி, அந்தச் சாற்றை ஸ்பூன் முழுக்கப் பூசினான். பச்சையாக வேறு ஆகிவிட்டது.

இந்தப் பக்கம் அவன் மனைவியும் சும்மா இருக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அழுகைதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். பெரிய வெங்காயத்தை நீளவாக்கில் பிளந்து, ஒரு மடலை உரித்து, குழிவாகக் கிண்ணம் போல் எடுத்தாள். தண்ணீரோரம் ஒதுங்கிக் கிடந்த சிப்பி ஓடுகளில் நல்லதாக இரண்டைப் பொறுக்கிக் கொதிக்க வைத்தாள். பால் டப்பா மூடியின் ஓரங்களைக் கல்லால் தட்டி மடித்து, பிளந்த குச்சியில் செருகிக் கட்டினாள். அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிகளுக்குத் திருகாணி போட்டுப் பழகிய விரல்கள், முடிச்சு கச்சிதமாக விழுந்தது.

பொடிசு இவர்களை எல்லாம் கொஞ்ச தூரத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குச்சிக் கால்கள், குச்சிக் கைகள். பெரியவர்கள் ஏன் இப்படி விழுந்து விழுந்து வேலை செய்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. சாப்பாட்டு நேரம் வந்தால் இந்த வீட்டில் எல்லாருக்கும் முகம் மாறும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் அம்மாவின் சாமான்கள் போயின. வெங்காயக் கிண்ணத்தை முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினாள். சிப்பியைத் தொட்டுத் தடவி, அழகாக இருக்கிறது என்று சொல்லித் தன் பாவாடையில் வைத்துக்கொண்டாள். தகர மூடியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு அப்பா வந்தான். முழங்காலிட்டு உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதது போல, "இந்தாம்மா, உன் ஸ்பூன்" என்றான். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல் ஒலித்தது.

பொடிசு அதை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். காம்பின் துளையில் விரல் நுனியை வைத்தாள்.  அவன் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது அது இல்ல" என்றாள் பொடிசு.

"அதேதான்டா கண்ணு. பாரு, கோடுகூட இருக்கு."

"இது அது மாதிரி" என்றாள். கோபமெல்லாம் இல்லை. அப்பா தப்பாகச் சொன்னதைத் திருத்தினாள், அவ்வளவுதான். ஸ்பூனை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, உதட்டை மடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். அந்த உதடு அப்படிப் போய்விட்டால் பிறகு யார் சொன்னாலும் வெளியே வராது.

சாவிக்காரன் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கடையில் எத்தனையோ நகல் அறுத்திருக்கிறான். இவ்வளவு கச்சிதமாக ஒன்றைச் செய்ததில்லை. இனி அவனிடம் வேறு வித்தை எதுவும் கிடையாது. காலை வரைக்கும் பட்டினி, பிறகு வீடு போய்ச் சேரும் வரை பட்டினி, அதற்குள் பழையபடி துவண்டுபோனால் ஆஸ்பத்திரி. அந்த வார்டும், அந்தக் குழாயின் உறையைப் பிரிக்கும் சத்தமும் காதுக்குள் வந்துவிட்டன. தன்மேலேயே அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"சரி, நாமளாவது சாப்பிடுவோம். ஆறிடப் போவுது" என்றான் நல்லவேளை. அவனும் இவ்வளவு நேரம் தனியாக ஒரு மூலையில் ஒரு கரண்டிக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். ஆனால் அவன் பொடிசுக்காகச் செய்யவில்லை. அவனுக்குப் பசித்தது, சூப் சூடாக இருந்தது, அவன் வயிற்றுக்காகச் செய்தான். செதுக்கப் பொறுமை கிடையாது என்பதால் தட்டையான விறகுத் துண்டின் மேல் கனன்ற நெருப்புத் துண்டு ஒன்றை வைத்து, காலிப் பேனாக் குழாயால் ஊதி ஊதி மரத்தைக் கருக்குவதும், கருகியதைக் கல்லால் சுரண்டுவதுமாக இருந்தான். நடுவில் கார் ஓட்டக் கற்க வந்த ஒரு பல் டாக்டர் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்த கதையைச் சொல்லிக்கொண்டே கொஞ்சம் அதிகமாக ஊதிவிட்டான். அடிப்பக்கம் வழியாகச் சிவப்பாக நெருப்பு தெரிந்தது.

"நல்ல வேளை, ஒரே ஒரு ஓட்டைதான்" என்று சொல்லி அதைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். துடுப்பு மாதிரி அகலம், ஒரு பக்கம் கோணல், குழியெல்லாம் கரி நிறம். கரண்டி என்று அவன் சொன்னால்தான் தெரியும். பானைக்குள் விட்டு மொண்டு வாயருகே கொண்டுபோனான். போகிற வழியிலேயே சூப் முழுவதும் ஓட்டை வழியாக அவன் சட்டைப் பைக்குள் இறங்கியது. வாயில் வைத்தபோது ஒரே ஒரு பட்டாணி மிச்சம் இருந்தது.

"நல்ல வேளை, பட்டாணி பெருசு" என்றான்.

கல்லின் மேலிருந்து கிக்கென்று ஒரு சத்தம் வந்தது. சாவிக்காரன் திரும்பிப் பார்த்தான். பொடிசு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் சிரிப்பு பீறிட்டது.

"சிரிக்கிறியா? இன்னொரு வாட்டி பாரு" என்று நல்லவேளை திரும்ப மொண்டான். இந்த முறை அவசரமாக வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்து, கழுத்து வழியாக உள்ளே விட்டுக்கொண்டான். பொடிசு கல்லிலிருந்து இறங்கி வந்தாள்.

"மாமா, கீழ விரல வெச்சு அடைக்கணும்."

"எங்க, வெச்சுக் காட்டு."

அவள் கரண்டியை வாங்கினாள். அடியில் சுட்டு விரலை வைத்து ஓட்டையை அடைத்தாள். ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஆற வைத்திருந்த சூப்பில் மொண்டாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு மாமாவின் முகத்தருகே வந்து, "ஆ காட்டு" என்றாள். அவன் ஆ காட்டினான். வாய்க்கு நேராகக் கொண்டுபோய் விரலை எடுத்தாள். சூப் முகவாயில் கொட்டியது. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கூடாரத்திலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டாவது வாய் ஒழுங்காக ஊட்டினாள். மூன்றாவது அம்மாவுக்கு. அம்மா விழுங்கியதும், "சமத்து" என்றாள். அம்மா புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அப்பா முன்னால் வந்து நின்றாள்.

அந்தக் கோணல் கரண்டி தன் முகத்தை நோக்கி வந்தபோது சாவிக்காரனின் தலை தானாகப் பின்னால் போயிற்று. அவன் அதை எதிர்பார்க்கவே இல்லை. தன் மடியில் வளர்ந்த பெண், அவள் கையில் இருப்பது வெறும் சூப். ஆனாலும் அடுத்தவர் கை ஒன்று வாய்க்கு நேரே வரும்போது கழுத்து பிடித்துக்கொள்கிறது, உதடு ஒட்டிக்கொள்கிறது. இதைத்தான் நாளுக்கு இத்தனை வேளை இவளுக்குச் செய்துகொண்டிருந்தோமா என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"பயப்படாத" என்றாள் பொடிசு, அச்சு அசலாக நர்ஸின் குரலில். "கொஞ்சூண்டுதான். ஒரே ஒரு வாய். கையெல்லாம் தொடமாட்டேன்."

அவன் வாயைத் திறந்தான். சூப் வெதுவெதுப்பாக உள்ளே போயிற்று. உப்பு கொஞ்சம் குறைவு. அப்படி ஒரு சாப்பாட்டை அவன் சாப்பிட்டதே இல்லை.

அதன்பிறகு யாரையும் அவள் விடவில்லை. மாமாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று வட்டம் சுற்றி வந்தாள். மாட்டேன் என்றால் அதட்டினாள். மெதுவாக விழுங்கினால் காத்திருந்தாள். ஓட்டையை அடைத்த விரல் நனைந்து, மணிக்கட்டு வரை சூப் வழிந்தது. மாமாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நடக்கும்போது, வழிந்ததை அவள் நக்கிக்கொண்டாள்.

அம்மா பார்த்துவிட்டாள். கணவனின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அவனும் பார்த்திருந்தான். இரண்டு பேரும் கண்ணால்கூடப் பேசிக்கொள்ளவில்லை. பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த உதடு மறுபடி மடிந்துவிடும். சாவிக்காரன் அவசரமாக ஏரியைப் பார்த்தான். அவன் மனைவி ஒன்றுமில்லாத அடுப்புச் சாம்பலை மும்முரமாகக் கிளறினாள். நல்லவேளைதான் ஆபத்பாந்தவன், பல் டாக்டர் கதையை விட்ட இடத்திலிருந்து எடுத்தான். "அப்புறம் என்னாச்சுன்னா அத்தான், அந்த ஆளு ரிவர்ஸ்ல போறோம்னே தெரியாம முன்னாடி பாத்துக்கிட்டு ஹாரன் அடிக்கிறாரு..."

"ஆமாமா" என்றான் சாவிக்காரன். ஒரு வார்த்தை அவன் காதில் விழவில்லை. ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். பொடிசு கரண்டியால் மொண்டாள். யாருக்கு முறை என்று யோசிப்பவள் போல நின்றாள். விரலை இன்னும் ஒருமுறை நக்கினாள். பிறகு யாரிடமும் போகாமல், நின்ற இடத்திலேயே, கரண்டியைத் தன் வாய்க்குத் திருப்பிக்கொண்டாள்.

உதடு திறந்தது. சிந்தியது பாதி, போனது பாதி. தொண்டை ஏறி இறங்கியது. அடுத்ததற்கு அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்து, பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கரண்டி ஒரு கட்டத்தில் அவளுக்கு இடைஞ்சலாகப் போய்விட்டது. அதைப் பக்கத்தில் போட்டுவிட்டு, அடியில் தங்கிய காய்த் துண்டுகளை விரலால் பொறுக்க ஆரம்பித்தாள்.

விரலால். அவளே. சாவிக்காரனுக்கு உட்கார முடியவில்லை. ஏதோ எடுக்கப் போவது போல எழுந்து காருக்குப் பின்பக்கம் போனான். டிக்கியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். போன வருடத்திலிருந்து நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரம், இறங்குகிறபோது இவ்வளவு சத்தம் போடும் என்று அவனுக்குத் தெரியாது. வாயில் துண்டைத் திணித்துக்கொண்டான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது அங்கே இன்னொரு கலவரம் நடந்துகொண்டிருந்தது. அவன் மனைவி பானையைச் சாய்த்துப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டினான். எதுவும் விழவில்லை.

"இன்னும்" என்றாள் பொடிசு.

"தீந்துபோச்சுடா தங்கம்" என்றாள் அம்மா. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாத முகம். எப்படித் தீராமல் இருக்கும்? இவள் எப்படியும் மூன்று ஸ்பூனுக்குமேல் தொடமாட்டாள் என்று அளந்துதான் சமைத்திருந்தாள். அதிலும் முக்கால்வாசியைப் பெரியவர்கள் மூவருக்கும் மகாராணி ஊட்டித் தீர்த்திருந்தாள்.

"எனக்கு இன்னும் வேணும்" என்றாள் பொடிசு. குரலில் எரிச்சல் ஏறிவிட்டது. "நீங்களே எல்லாத்தையும் சாப்பிட்டீங்க!"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 

கடையில் சில்லறை இல்லை என்றால் பக்கத்துக் கடையில் கேட்கக் கூச்சப்பட்டு அரை நாள் காத்திருக்கிற ஆள் சாவிக்காரன். அன்று காலியான கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல், பக்கத்துக் கூடாரத்துக்கு ஓடினான். அங்கே விளக்கடியில் ஓர் அம்மாள் வெந்த உருளைக்கிழங்கைத் தோலுரித்து மசித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் அவள் வீட்டு ஆட்கள் தட்டோடு காத்திருந்தார்கள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா" என்றான் மூச்சு வாங்க. "எங்க பொண்ணுக்குப் பசிக்குது. எங்ககிட்ட இருந்தது தீந்துபோச்சு. கொஞ்சம் ஏதாவது..."

அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கிண்ணத்தை வாங்கிக் கிழங்கை அள்ளிப் போட்டாள். கை போட்டுக்கொண்டே இருந்தது, வாய் அதைவிட வேகமாக ஓடியது. "அந்த ஒல்லிப் பொண்ணா? பாத்தேனே! அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் இருந்துமா புள்ளைய இப்படிப் பசியில வெச்சிருக்கீங்க? வளர்ற புள்ள கேக்கும்னு தெரியாது? அளந்து வெச்சு ஆக்குவாங்களா யாராவது? மனசாட்சி வேணாம்?"

"ஆமாங்கம்மா. தப்புதாங்கம்மா."

"இதுல பல்ல வேற காட்டிக்கிட்டு நிக்கிறாரு மனுசன்! இந்தா, இதையும் வெச்சுக்க. புள்ள வயிறு நெறஞ்சுதான்னு கேட்டுட்டு வந்து சொல்லணும், ஆமா."

கிண்ணம் குவிந்துவிட்டது. அவன் போயிருக்கலாம். ஆனால் இரண்டு கையிலும் அதை ஏந்திக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, அங்கேயே நின்றான். குழந்தைக்குச் சோறு பற்றாமல் செய்த தகப்பன் என்று இன்னும் நாலு வார்த்தை திட்டமாட்டாளா என்று இருந்தது அவனுக்கு.